கையெழுத்துப் போடாத கோடை

எங்கள் கம்பெனி வாலிபால் அணியில் நான் ஏழாவது ஆள். களத்தில் ஆடுகிறவர்கள் ஆறு பேர்தான். ஏழாவது ஆள் தண்ணீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்காவது கால் பிசகாதா என்று நினைக்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். எண்பத்தொன்பதாம் வருஷக் கோடையில், அவிநாசி ரோட்டு மைதானத்தில் நடந்த பைனலில், நல்லானுக்கு உண்மையிலேயே பிசகிவிட்டது. அவனுக்குப் பதிலாக நான் உள்ளே போனேன். கருப்புசாமி என்ற என் பெயரை மைக்கில் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

நல்லான் மூலனூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் முருங்கைத் தோட்டம். ஆறடிக்கு மேல் உயரம். வலைக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டி எழும்பினான் என்றால் எதிரே அடிக்கிறவனுக்குப் பந்தைப் போட இடமே தெரியாது. அன்றைக்கு அப்படி எழும்பியவன், இறங்கும்போது எதிரணி ஆளின் பாதத்தின்மேல் இறங்கிவிட்டான். முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது. எங்கள் முதலாளி தண்டாயுதபாணி மேடையிலிருந்து செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். நல்லானைத் தன் அம்பாசடரின் பின்சீட்டில் படுக்க வைத்து, டிரைவரைத் தேடாமல் தானே ஓட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனார். எங்கள் கேப்டன் மயில்சாமி நல்லானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனார்.

ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் அந்தக் கால் பழையபடி மடங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ஊன்றுகோலுடன் வந்த நல்லானுக்கு நூல் குடோனில் உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை ஒன்றை முதலாளி கொடுத்தார். அதை யாரும் பெரிய தர்மம் என்று பேசவில்லை. அப்போது அதுதான் வழக்கம். திருப்பூரில் நாலு பனியன் கம்பெனிகள் வாலிபால் அணி வைத்திருந்தன. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கம்பெனியின் தொழிலாளிகள். கட்டிங்கிலோ பேக்கிங்கிலோ பெயர் இருக்கும். மதியம் வரைக்கும் வேலை, அதற்கப்புறம் மைதானம். தீபாவளிக்கு மற்றவர்களைப் போலவே போனஸ். ஆட முடியாத வயசு வந்தால் முழு நேரமும் வேலைக்குத் திரும்பிவிடுவோம்.

மயில்சாமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். களத்தில் அவர் லிஃப்டர். எதிரணியிலிருந்து வரும் பந்தை நாங்கள் எடுத்து அவரிடம் அனுப்புவோம். அவர் அதை விரல் நுனியால் தூக்கி, அடிக்கிறவன் எங்கே எழும்புகிறானோ அங்கே நிறுத்தி வைப்பார். கைதட்டல் எல்லாம் அடிக்கிறவனுக்குப் போகும். எங்கள் அணியில் அடிக்கிறவன் சீனிச்சாமி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவன் அடித்த பந்து மண்ணில் பட்டு கேலரிக்குப் பறக்கும்போது கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். அந்த நேரத்தில் நான் மயில்சாமியைத்தான் பார்ப்பேன். அவர் அடுத்த சர்வீஸுக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். தான் செய்ததை யாராவது கவனித்தார்களா என்று அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

தொண்ணூறாம் வருஷம் தை மாதம் முடிந்ததும், நாலு முதலாளிகளும் ஒன்றாகக் கூடிப் பேசியதாகச் செய்தி வந்தது. அடுத்த வாரம் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியும் மேனேஜரும் இருந்தார்கள். மேசைமேல் ஆளுக்கு ஒன்றாகப் புது ஒப்பந்தம் இருந்தது. மேனேஜர் வாசித்தார். இனி ஆட்டக்காரர்கள் கம்பெனித் தொழிலாளிகள் இல்லை. மஸ்டர் ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம். கையில் வருவது முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆனால் அடிபட்டு ஆட முடியாமல் போனால் அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. முடிந்த பிறகும், பழைய கம்பெனி சம்மதிக்காமல் இரண்டு வருஷத்துக்கு வேறு எந்தக் கம்பெனிக்கும் ஆடக்கூடாது.

கூடுதலாக வரும் என்ற இடத்தில் எங்களில் இரண்டு பேர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மயில்சாமி ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"நல்லான் பேரு இல்லீங்களே."

"அவன் ஆடறதில்லியே கண்ணு," என்றார் முதலாளி. "இது ஆடறவங்களுக்கு. அவனுக்கு ஏதாச்சும் குடுத்து அனுப்பிச்சு வெச்சரலாம்னு இருக்கறேன். மூலனூருல தோட்டம் இருக்குதல்ல."

"நாளைக்கு எனக்குக் காலு போச்சுன்னாங்க?"

"உனக்கு ஏன் போகுது. நல்ல பேச்சாப் பேசு."

"நல்லானும் அப்படித்தானுங்க நெனச்சிருப்பான்."

முதலாளி மேசைமேல் இருந்த ஒப்பந்தங்களை நேராக அடுக்கினார். அவர் கெட்டவர் இல்லை. வாலிபால் என்றால் அவருக்கு உயிர். வாலிபத்தில் பல்லடத்தில் ஆடியவர். ஆனால் ஏற்றுமதி ஆர்டர் பெருகப் பெருக, ஆடிட்டர், ஷிப்மெண்ட், பேங்க் என்று அவர் ஓடிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று முதலாளிகளும் ஒத்துக்கொண்ட விஷயத்தில் தான் மட்டும் தனியாக நிற்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"நாங்க பேசிப்போட்டு வாரமுங்க," என்று மயில்சாமி எழுந்தார். நாங்களும் எழுந்தோம்.

வெளியே வந்து நேராக நூல் குடோனுக்குப் போனோம். நல்லானிடம் மயில்சாமி எதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "மத்த கம்பெனி ஆளுங்களைப் பார்க்கப் போறேன். நீயும் வந்தீன்னா நல்லா இருக்கும்" என்று கூப்பிட்டார்.

நல்லான் நூல் மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"வேண்டாமுங்க. என்னைக் கூட்டிட்டுப் போயி இந்தக் காலைக் காட்டுனா, பாவம்னு சொல்லி வருவாங்க. பாவம்னு வந்தவன் பாதியில போயிருவான். அவங்கவங்க காலுக்காக வரட்டுமுங்க."

"செரி. நீ சொல்றதுதான் செரி," என்றார் மயில்சாமி. அதற்குப் பிறகு யாரிடம் பேசினாலும் அவர் நல்லானின் பெயரை எடுக்கவே இல்லை. ஒப்பந்தத்தை மட்டும் பேசினார்.

மற்ற கம்பெனிகளில் பெரிய அணிக்குக் கேப்டன் ஆரோக்கியசாமி. அவரும் எங்கள் மயில்சாமியும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரு பைனலில் வலையைத் தொட்டதாகவும் தொடவில்லை என்றும் கிளம்பிய தகராறு, இரண்டு கம்பெனித் தொழிலாளிகளும் கைகலக்கிற அளவுக்குப் போயிருந்தது. அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அவர் திரும்புகிற நேரத்துக்கு, மயில்சாமி சைக்கிளில் போய் நின்றார். பின்னால் கேரியரில் நான்.

ஆரோக்கியசாமி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றியும், எல்லோரும் சேர்ந்து சங்கம் வைப்பது பற்றியும் மயில்சாமி சொன்னதை வாசலிலேயே நின்று கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சங்கம் வெக்கலாமுங்க. ஆனா நீங்க முன்னால நின்னு பேரு வாங்கறதுக்கு நாங்க பின்னால வர மாட்டமுங்க" என்றார்.

"நீங்க தலைவரா இருங்க," என்றார் மயில்சாமி. "நாலு கம்பெனியிலயும் வயசுல மூத்தவரு நீங்கதான். நான் எங்க நிக்கோணும்னு சொல்லுங்க, நிக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அது பேச்சுக்குச் சொன்னது அல்ல என்பது ஆரோக்கியசாமிக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நகர்ந்து வழிவிட்டார். "உள்ள வாங்க. காபி குடிச்சுப்போட்டுப் பேசலாம்."

அடுத்த வாரம் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பேக்கரியின் பின்பக்கம் நாலு கம்பெனி ஆட்டக்காரர்களும் கூடினோம். தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முறைத்தபடிதான் ஆரம்பத்தில் உட்கார்ந்திருந்தோம். எழுந்துபோகும்போது எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பழையபடி மஸ்டரில் பெயர் இருந்தால்தான் ஆடுவோம், ஒருத்தரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு. ஆரோக்கியசாமி தலைவர். மயில்சாமிக்குப் பதவி எதுவும் இல்லை. அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் அது தோன்றவில்லை.

கையெழுத்துக்கு முதலாளிகள் கெடுவாகச் சொன்ன தேதி வந்தது. கையெழுத்துப் போடாததால் எங்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்லானையும் சேர்த்துத்தான். அவன் ஊருக்குப் போகாமல் எங்களோடு தங்கிவிட்டான். மயில்சாமி சோமனூரில் ஒரு தறிக்குடோனில் வேலைக்குச் சேர்ந்தார். சீனிச்சாமி ஒரு சாயப்பட்டறையில் ஈரத் துணி சுமந்தான். நான் அயர்னிங் வேலைக்குப் போனேன். விடிந்தும் விடியாத நேரத்தில் நொய்யல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் இரண்டு மூங்கிலை நட்டு, வலை கட்டிப் பழகினோம். வேறு வேறு கம்பெனி ஆட்கள் கலந்து ஆடினோம். ஆரோக்கியசாமிக்கு மயில்சாமி பந்து தூக்கிக் கொடுத்த முதல் நாள், ஆரோக்கியசாமி அடித்துவிட்டு, "இத்தனை வருசமா இந்தப் பந்துதான் அந்தப் பக்கம் போயிட்டு இருந்துச்சா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இந்தச் சமயத்தில்தான் மேனேஜர் சீனிச்சாமியின் வீட்டுக்குப் போனார். வீடு என்றால் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்று. அவன் மனைவி பாண்டியம்மாள் எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். கைக்குழந்தை ஒன்று. மேனேஜர் சொன்னது இதுதான். சீனிச்சாமிக்கு மட்டும் தனி ஒப்பந்தம். மஸ்டரில் பெயர் இருக்கும், அடிபட்டாலும் வேலை உண்டு, குடியிருக்கக் கம்பெனி வீடு உண்டு. பாண்டியம்மாளை சூப்பர்வைசர் ஆக்குவார்கள். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீனிச்சாமி மறைக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு சோமனூருக்குப் பஸ் ஏறினான். தறிக்குடோனில் பேசினால் காது கேட்காது. மயில்சாமி தலையில் ஒட்டியிருந்த பஞ்சோடு வெளியே வந்து, ஒரு வேப்பமரத்தடியில் எங்களோடு நின்றார். சீனிச்சாமி எல்லாவற்றையும் சொன்னான்.

"ஊட்டுல என்ன சொல்றாங்க?"

"நீங்களே முடிவு பண்ணுங்கண்டு சொல்றாண்ணே. அவ வாயத் தொறந்து வேணுமுண்டும் சொல்லல, வேணாமுண்டும் சொல்லல. ஆனா கம்பெனி வீட்டப் பத்தி ரெண்டு தடவ கேட்டா. தண்ணிக் கொழாய் உள்ளேயே இருக்குமாண்டு."

மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இங்க பாரு சீனி. போடுன்னு நான் சொல்ல மாட்டேன். போடாதேன்னும் சொல்ல மாட்டேன். உன்ற கையில இந்த வேகம் இன்னும் அஞ்சாறு வருசத்துக்கு இருக்கும். அதை வெச்சு ஊட்டுக்கு ஒரு வழி பண்ணிக்கறது தப்புக் காரியமில்ல. நீ போட்டீன்னா நம்ம ஆளுங்க யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லாம நான் பார்த்துக்கறேன்."

"நான் போட்டுட்டா மத்தவுக எல்லாரும் போட்டுருவாகளேண்ணே."

"போட்டா போடட்டும். அது எங்க கஷ்டம். உன்ற கஷ்டத்தை நீ பாரு." அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றார். கடைக்குக் கூட்டிப்போய் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தறிக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சீனிச்சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். மங்கலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான். "ரெண்டு திட்டு திட்டியிருந்தார்ண்டா, நாளைக்கே போய்ப் போட்டிருப்பேன்."

மறுநாள் அவனும் பாண்டியம்மாளும் ஆபீசுக்குப் போனதைப் பாண்டியம்மாள்தான் எங்களிடம் பிறகு சொன்னாள். ஒப்பந்தத்தை மேனேஜர் நீட்டியதும் சீனிச்சாமி, "இதே மாதிரி எல்லாத்துக்கும் உண்டாங்கய்யா?" என்று கேட்டிருக்கிறான். உனக்கு மட்டும்தான் என்றார் மேனேஜர். "அப்ப எனக்கு வேணாங்கய்யா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பாண்டியம்மாள் அவனைத் தடுக்கவில்லை. மேனேஜரைப் பார்த்து, "இதுக்காக எம்மேல கோவப்பட்டு லைன்லருந்து எடுத்துப்பிடாதீக. நான் பந்து ஆடலைல்ல" என்று மட்டும் சொன்னாளாம். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை.

கோடைப் போட்டி ஆரம்பித்தது. முதலாளிகள் கேரளாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களுக்குத் தங்கள் கம்பெனி ஜெர்சியை மாட்டிவிட்டார்கள். எங்களில் சிலருக்கு ஆத்திரம். மைதானத்து வாசலில் நின்று மறிக்கலாம் என்றார்கள், லைட் ஒயரை அறுக்கலாம் என்றுகூட ஒருத்தன் சொன்னான். மயில்சாமி வழக்கத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தினார்.

"வந்திருக்கறவங்க யாரு? நம்மளாட்டம் ஆட்டக்காரங்க. அவங்க ஊருல நாளைக்கு இதே நெலமை வந்தா நம்மளைக் கூப்புடுவாங்க, நாமளும் தெரியாம போவோம். அவங்களுக்கு ஒரு கல்லு பட்டாலும் நான் இதுல இல்ல. நமக்குத் தெரிஞ்சது ஆடறது. நாம ஆடுவோம்."

அப்படித்தான் நொய்யலுக்கு அந்தப் பக்கம் எங்கள் போட்டி ஆரம்பித்தது. நாலு கம்பெனி ஆட்டக்காரர்களின் பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கி, அணி பிரித்தோம். டிக்கெட் இல்லை, மேடை இல்லை. மைக்குக்குப் பதில் நல்லான் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து பாயிண்டைச் சத்தமாகச் சொன்னான். போட்டி நடக்கிற செய்தியைப் பாண்டியம்மாள் தையல் லைனில் சொன்னாள், லைனிலிருந்து செக்கிங்குக்குப் போனது, செக்கிங்கிலிருந்து கம்பெனி வேன்களுக்குப் போனது. முதல் நாள் நூறு பேர் இருந்திருப்பார்கள். இரண்டாம் நாள் ஷிப்ட் முடிந்து திரும்பிய வேன்கள் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஆட்களை இறக்கிவிட்டன. சாயக்கையோடு வந்தார்கள், தோளில் பஞ்சோடு வந்தார்கள், டிபன் தூக்கோடு பெண்கள் வந்தார்கள். பெரிய மைதானத்து கேலரியில் விருந்தாளிகளும் முதலாளிகளின் சொந்தக்காரர்களும்தான் மிச்சம் என்று கேள்விப்பட்டோம்.

மூன்றாம் நாள் ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். மயில்சாமியின் அணியில் ஆரோக்கியசாமி, எதிரணியில் சீனிச்சாமி. தனக்கு இத்தனை வருஷம் பந்து தூக்கிக் கொடுத்தவருக்கு எதிரே சீனிச்சாமி ஆடியது அதுதான் முதல் தடவை. அவன் எங்கே அடிப்பான் என்று மயில்சாமிக்குத் தெரியும். மயில்சாமி எங்கே தூக்குவார் என்று அவனுக்கும் தெரியும். கடைசி செட் பதினாலுக்குப் பதினாலு என்று நின்றபோது மயில்சாமி முன்னால் பார்த்துக்கொண்டே, முதுகை வளைத்து, தலைக்குப் பின்னால் பந்தைத் தூக்கினார். சீனிச்சாமி வேறு பக்கம் எழும்பிவிட்டான். ஆரோக்கியசாமி ஆளில்லாத இடத்தில் அடித்தார். அந்தப் பாயிண்டோடு சர்வீஸ் அவர்கள் கைக்குப் போனது, அப்புறம் ஆட்டமும்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோதுதான் முதலாளியைப் பார்த்தோம். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, சாயப்பட்டறை ஆட்களுக்கு நடுவில் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியாது. வேட்டி ஓரத்தில் மண். நேராக மயில்சாமியிடம் வந்தார்.

"அந்தப் பின்பக்கம் தூக்கறதை எப்பப் பழகுன?"

"இப்பத்தானுங்க. காத்தால தறிக்குப் போறதுக்கு முன்னாடி."

"எங்கிட்ட இருக்கற வரைக்கும் பழகலியே."

"தேவைப்படலீங்க. சீனி எங்க தூக்குனாலும் அடிச்சிருவானுங்க."

முதலாளி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மூங்கிலையும், அதில் கட்டியிருந்த ஒட்டுப்போட்ட வலையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்கு ஆபீசுக்கு வா. தனியா வராதே. எல்லாத்தையும் கூட்டிட்டு வா. நான் மத்தவங்களையும் வரச் சொல்றேன்."

அந்தப் பேச்சு எங்கள் கம்பெனியின் சாம்பிள் அறையில் நடந்தது. ஒரு பக்கம் நாலு முதலாளிகள், மறுபக்கம் நாங்கள். சுவரெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற குழந்தைச் சட்டைகள் தொங்கின. ஆரோக்கியசாமி எங்கள் தரப்பைச் சொன்னார். பிறகு தண்டாயுதபாணி தன் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"நாங்க ஆளைப் பிடிச்சு, வேலை குடுத்து, கோச்சு வெச்சுப் பழக்கிவிடறோம். போட்டிக்கு முந்தின வாரம் இன்னொரு கம்பெனிக்காரன் வந்து ரகசியமாக் கூட்டிட்டுப் போயர்றான். இங்க உக்காந்திருக்கற நாங்க நாலு பேருமே அதைப் பண்ணியிருக்கறோம். அதுக்கு ஒரு கட்டு வேணுமல்ல?"

எங்கள் ஆட்கள் சிலர் எதிர்த்துப் பேச வாயெடுத்தார்கள். மயில்சாமி முந்திக்கொண்டார்.

"அது நாயமானதுதானுங்க. போட்டிக் காலத்துல நடுவுல மாற மாட்டோம்னு நாங்களே ஒத்துக்கறோம். மாறோணும்னா ஆட்டமெல்லாம் முடிஞ்சப்பறம் மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டுத்தான் போவோம். அதுக்கு மேல எங்களைக் கட்டாதீங்க. பேரு மஸ்டர்ல இருக்கோணும். ஆடறப்ப அடிபட்டவனுக்கு உக்காந்து பார்க்கற வேலை ஒண்ணு இருக்கோணும். இவ்வளவுதானுங்க நாங்க கேக்கறது."

முதலாளிகள் பயந்தது என்ன என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதும், அதற்கு வேண்டிய உறுதியை முதலில் கொடுத்துவிட்டதும் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதற்கப்புறம் பேச்சில் சூடு குறைந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது நாலாவது முதலாளி பேசினார். மற்றவர்களைவிட இளையவர், அப்பாவிடமிருந்து கம்பெனியை அப்போதுதான் எடுத்தவர். "ஒரே ஒரு கண்டிஷன். மயில்சாமி அடுத்த வருசம் எந்தக் கம்பெனிக்கும் ஆடக் கூடாது. இதையெல்லாம் கெளப்பிவிட்டது அவருதான்னு ஊருக்கே தெரியும். சும்மா விட்டா நாளைக்கு டெய்லரு, செக்கிங்னு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க."

"செரிங்க," என்றபடி மயில்சாமி எழுந்தார். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "எனக்கும் தோளு வலிக்குது. ஒரு வருசம் உக்காந்திருந்தா நல்லதுதான்."

ஆரோக்கியசாமி அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். சீனிச்சாமி எழுந்துவிட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அந்தச் சத்தத்துக்கு நடுவில், கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த நல்லான் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றான். அத்தனை உயரமான ஆள் எழுந்ததும் அறை அமைதியாகிவிட்டது. அன்றைக்கு வரைக்கும் இந்த விவகாரத்தில் அவன் எந்த முதலாளியிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எனக்கு வேலை வேணும்னு இவரு தறி ஓட்டீட்டு இருக்கறாருங்க," என்றான் தண்டாயுதபாணியைப் பார்த்து. "அவரை வெளிய வெச்சுத்தான் என்னை உள்ள எடுக்கோணும்னா, எனக்கு அது வேண்டாமுங்க. நான் ஊருக்குப் போயி முருங்கைக்காய் ஒடிச்சுக்கறேன். நீங்க அன்னைக்கு என்னைக் கார்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோனீங்க. அதை நான் மறக்கலீங்க. அந்த மனசோட இதையும் பாருங்க."

தண்டாயுதபாணி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பேனாவை எடுத்து, மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த தாளில் மயில்சாமியைப் பற்றிய கடைசி வரியை நீளமாக அடித்தார்.

"மயில்சாமி எங்க கம்பெனிக்கு ஆடுவான்," என்றார். "யாருக்கு வருத்தம்னாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்க."

இளைய முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மாதமே தன் அணியைக் கலைத்துவிட்டார். அவருடைய ஆட்களை மற்ற மூன்று கம்பெனிகளும் பிரித்து எடுத்துக்கொண்டன. இரண்டு பேருக்கு இடம் கிடைக்கவில்லை, அவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த விஷயத்தில் எங்களால் வெல்ல முடியவில்லை. மயில்சாமி அந்த இருவருக்காகவும் மூன்று கம்பெனியின் படியும் ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் வேலைக்குத் திரும்பினோம். நல்லான் குடோனில் பழைய இடத்தில் உட்கார்ந்தான். தொண்ணூற்றொன்றில் பெரிய மைதானத்தில் மறுபடியும் கோடைப் போட்டி நடந்தது. பைனலில் நாங்கள் ஆரோக்கியசாமியின் அணியிடம் தோற்றோம். அந்தத் தோல்வியில் என் பங்கும் இருந்தது, இரண்டு சர்வீஸை வலையில் அடித்தேன். பரிசளிப்பு முடிந்து, சீனிச்சாமியும் மயில்சாமியும் நானும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றோம். சீனிச்சாமி ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தா என்னாண்ணே செஞ்சிருப்பீக? நெசத்தச் சொல்லுங்க."

மயில்சாமி டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"ராத்திரிக்குத் தூக்கம் வந்திருக்காது," என்றார். "காத்தால எந்திரிச்சு, உன்ற ஆட்டம் எந்த மைதானத்துலன்னு கேட்டுட்டு வந்து பார்த்திருப்பேன்."

"வந்து?"

"அவங்க உனக்குப் பந்தை ஒழுங்காத் தூக்கித் தர்றாங்களான்னு பார்க்கோணுமல்ல."

சீனிச்சாமி கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றான். அனுப்பர்பாளையம் பஸ் வந்ததும் மயில்சாமி அவன் தோளைத் தட்டி ஏறச் சொன்னார்.